உப்பும் வினிகரும் நீலத்தைப் பிடித்து வைக்காது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நைஜீரியாவின் யோருபா மக்கள் கையால் சாயமிடும் ‘அடிரே’ துணியில் தைத்த புதுமாதிரி உடைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். நல்ல முயற்சி. லாகோஸ் பக்கம் வேலை பார்க்கும் குடும்பங்கள் ஊருக்கு வரும்போது இந்தத் துணியை 5 கெஜக் கட்டாகக் கொண்டுவந்து தைக்கக் கொடுப்பது களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் பழகிப்போன காரியம். அதனால்தான் அந்தக் கட்டுரையில் இருந்த இரண்டு தவறுகளை அப்படியே விட மனம் வரவில்லை. சாயம் போகாமல் இருக்கத் துணியை உப்பும் வினிகரும் கலந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைக்கச் சொன்னது ஒன்று. அடிரே என்று போட்டிருந்த படங்களில் பாதி, இயந்திரத்தில் அச்சடித்த ரேயான் துணியாக இருந்தது இன்னொன்று. கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வாசகர்கள் தையல் கடைக்கு வருகிறார்கள். திருத்தம் வராவிட்டால் கெடுவது அவர்களுடைய துணி.

முதலில் உப்பு. நூலோடு ரசாயனமாகப் பிணையும் ‘ரியாக்டிவ்’ சாயத் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தை அது நூலின் பக்கம் தள்ளும், பிறகு சோடா அதைப் பிணைக்கும். சாயமேறி முடிந்த துணியை உப்புத் தண்ணீரில் போட்டால் எதுவும் நடக்காது. அதிலும் அடிரேயின் அவுரி நீலம் வேறு வகை. நீலம் தண்ணீரில் கரையவே கரையாது. காரத் தண்ணீரில், பிராணவாயுவை இழந்த நிலையில் மட்டும் அது மஞ்சள் கலந்த பச்சையாகக் கரைந்து நூலுக்குள் போகும். துணியை வெளியே எடுத்துக் காற்றில் விரித்தால் சில நிமிடங்களில் பச்சை மாறி நீலமாகி நூலுக்குள்ளேயே கரையாத துகளாக உறைந்துவிடும். உள்ளே போனது சுலபத்தில் வெளியே வராது. கையிலும் உள்சட்டையிலும் ஒட்டுகிற நீலம், நூலுக்குள் போகாமல் மேலே தங்கிவிட்ட துகள். அதை ஒட்டவைக்க எந்த உப்பாலும் முடியாது. அலசி எடுக்கத்தான் வேண்டும். வினிகர் செய்வதெல்லாம் துணியில் மிஞ்சிய காரத்தை முறிப்பது மட்டுமே. அதற்கு ஓர் இரவு வேண்டாம், 10 நிமிடம் போதும்.

துகள் ஏன் மேலே தங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சாயம் நீர்த்த தொட்டியில் துணியைச் சிறிது நேரம் முக்கி, காற்றில் விரித்து, மறுபடி முக்கி என்று பல தடவை செய்தால் நீலம் மெல்லிய அடுக்குகளாக உள்ளே இறங்கும். அவசரத்துக்குக் கெட்டியான தொட்டியில் ஒரே முக்கில் கருநீலம் எடுத்தால் பாதி நீலம் வெளியே அப்பிக்கொள்ளும். பார்க்க இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஈரத்துணியால் தேய்த்தால் வித்தியாசம் தெரியும். வெள்ளைப் பருத்தித் துண்டு ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டு, உலர்ந்த நிலையில் 10 தடவை, நனைத்துப் பிழிந்து 10 தடவை, துணியின் கருநீலப் பகுதியில் தேய்த்துப் பாருங்கள். உலர்ந்த துண்டில் லேசான நீலம் வருவது அவுரியின் இயல்பு. நனைந்த துண்டு அடர் நீலமானால் அந்தத் துணி இன்னும் வெட்டுக்குத் தயாராகவில்லை.

வெட்டுவதற்கு முன் அலசும் முறை இதுதான். துணியை வெளியில் வைத்து நன்றாக உதறுங்கள், சித்திரத்துக்குப் பூசிய மாவுப் பசை மிஞ்சியிருந்தால் பொடியாக உதிரும். பெரிய வாளியில் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றுங்கள். மாற்றிய தண்ணீர் வெளிறும் வரை, பெரும்பாலும் மூன்று நான்கு தடவை, இதைச் செய்ய வேண்டும். பிறகு 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, காரம் இல்லாத திரவ சோப்பு விட்டு 10 நிமிடம் அளைந்து அலசுங்கள். அதற்குப் பிறகும் தொட்டால் வழுவழுப்பு இருந்தால் காரம் மிஞ்சியிருக்கிறது. 10 லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விட்டு 10 நிமிடம் வைத்து, நல்ல தண்ணீரில் அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்த வேண்டும். இந்தப் பக்கத்துச் செம்மண் கிணறுகளில் இரும்பு கலந்த தண்ணீர் உண்டு. வாளியில் துருக்கறை படிகிற தண்ணீராக இருந்தால் அதில் அலசாதீர்கள், துணியின் வெளிர்நீலப் பகுதி மஞ்சளித்துப்போகும். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகக் கூடாது. குளோரின் பட்டால் அவுரி நீலம் மஞ்சளாகிவிடும், மீட்கவே முடியாது.

அலசுவதற்கு இன்னொரு காரணம் சுருக்கம். சாயமேறும்போதே பல தடவை நனைந்த துணி இனிமேல் சுருங்காது என்று நம்பி நேராக வெட்டுகிறவர்கள் உண்டு. அந்த ஊர் வழக்கப்படி, சாயமிட்ட துணியைக் கஞ்சி போட்டு, மரக்கட்டைமேல் விரித்து, மரச்சுத்தியால் அடித்துப் பளபளப்பாக்கி விற்பார்கள். அப்படி அடித்ததில் நூல் நீண்டிருக்கும், நனைந்ததும் பழைய நிலைக்கு வரும். துணியின் ஓரத்தில் 25 செ.மீ. நீளத்துக்குத் தையல் அடையாளம் போட்டுவிட்டு அலசி உலர்த்தி அளந்து பாருங்கள். 24 செ.மீ. ஆகியிருந்தால் 4 சதவீதச் சுருக்கம். 40 அங்குலக் குர்த்தியில் அது ஒன்றரை அங்குலத்துக்கும் மேல். முழங்காலுக்குக் கீழே நின்ற உடை ஒரே துவைப்பில் முழங்காலுக்கு மேலே ஏறும் மாயம் இதுதான். பழி தையல்காரர் தலையில் விழும்.

இனி படங்களைப் பற்றி. அடிரே என்பது ஒரே வகைத் துணி அல்ல. ராஃபியா பனை நாரால் கட்டிச் சாயமிடுவது ஒனிக்கோ. ஊசி நூலால் இறுக்கித் தைத்துச் சாயமிடுவது அலாபெரே. மரவள்ளிக் கிழங்கு மாவுப் பசையால் சித்திரம் தீட்டிச் சாயமிடுவது எலேக்கோ. மெழுகு ஊற்றிச் செய்வது அலாபெலா, இது பிற்காலத்தில் வந்தது. நீலமே இல்லாமல் ஆரஞ்சும் ஊதாவும் பச்சையுமாக வருவதை அங்கே ‘கம்பாலா’ என்கிறார்கள். அதில் பெரும்பாலும் காஸ்டிக் சோடாவும், பிராணவாயுவை எடுக்கும் ஹைட்ரோஸ் தூளும் போட்டு, அவுரியைப்போலவே கரைத்து ஏற்றும் ‘வாட்’ சாயம். இவற்றில் எதுவுமே அங்காரா என்கிற மெழுகு அச்சுத் துணி அல்ல. அங்காரா ஜாவாவின் பாத்திக்கைப் பார்த்து ஐரோப்பிய ஆலைகள் இயந்திரத்தில் அச்சடித்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய சரக்கின் வழிவந்தது. தங்கள் கட்டுரை இரண்டையும் ஒரே பெயரில் அழைத்திருந்தது.

கடையில் வைத்தே இனம் காணலாம், துணியைத் திருப்பினால் போதும். ஒரு பக்கம் அச்சடித்த ரேயான் துணியில் பின்பக்கம் முன்பக்கத்தைவிட வெளுத்திருக்கும், மை ஒரு பக்கத்திலிருந்துதான் இறங்கியிருக்கும். எலேக்கோவில் இது தலைகீழ். பசை முன்பக்கம் மட்டும் பூசப்படுவதால் தொட்டியில் முக்கும்போது பின்பக்கம் தடையில்லாமல் நீலம் குடிக்கும். ஆகவே பின்பக்கம்தான் கருத்திருக்கும், சித்திரம் அங்கே மங்கலாகவோ தெரியாமலோ போகும். மாவுப் பசை மெழுகைப்போல் முழுத்தடை அல்ல, சாயத்தைக் கொஞ்சம் கசிய விடும். அதனால் உண்மையான எலேக்கோவில் சித்திரம் பால்வெள்ளையாக இராது, வெளிர்நீலமாக இருக்கும். பளீர் வெள்ளைக் கோடுகளை ‘ஒரிஜினல்’ என்று காட்டி விற்றால் சந்தேகப்படுங்கள். ஒனிக்கோவும் அலாபெரேயும் இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். அலாபெரேயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெள்ளைக் கோட்டின் நெடுகிலும் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். அதைவிட உறுதியான சான்று வேறில்லை. கடைசியாக, ஒரே பூவை இரண்டு இடத்தில் பார்த்து ஒப்பிடுங்கள். கையால் செய்ததில் அந்த இரண்டும் ஒருபோதும் அச்சு அசலாக ஒத்துப்போகாது.

இதைச் செய்கிறவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எங்களுக்கு வருத்தம். இது பெண்கள் கட்டிக் காத்த தொழில். அபியோகுட்டா, இபாடான், ஓஷோக்போ ஆகிய ஊர்கள் இதற்குப் பெயர்பெற்றவை. அபியோகுட்டாவில் இட்டோகு சந்தையே அடிரேக்கு என்று இருக்கிறது. ஆலை வெள்ளைத்துணி இறக்குமதியாகி மலிந்த 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் எலேக்கோ செழித்தது, மென்மையான ஆலைத்துணியில்தான் பசையால் நுணுக்கமாக வரைய முடியும். இபாடானில் பெண்கள் கோழி இறகாலும் ஓலை ஈர்க்காலும் நேரடியாக வரைந்தார்கள். அபியோகுட்டாவில் தகரத்தில் வெட்டிய அச்சுவழிப் பசை பூசுவது ஆண்கள் கைக்குப் போயிற்று. சித்திரங்களுக்குப் பெயரும் கதையும் உண்டு. ‘இபாடாண்டுன்’ என்ற வடிவத்தில் வரும் தூண்கள் இபாடானில் 1929இல் திறந்த மாப்போ மண்டபத்தின் தூண்கள், அவற்றுக்கு இடையே கரண்டிகள் நிற்கும். ‘ஓலோகுன்’ கடல் தெய்வத்தின் பெயர். ‘ஓலோபா’ 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவை ஒட்டி வந்தது. யோருபாக்களின் நீலம் நம்முடைய அவுரிச் செடியிலிருந்து வருவதல்ல. ‘எலு’ என்று அவர்கள் சொல்லும் கொடியின் தளிர் இலையை இடித்து உருண்டை பிடித்துக் காயவைத்து, சாம்பல் வடித்த காரநீரில் புளிக்கவைத்துத் தொட்டி கட்டுவார்கள். செடி வேறானாலும் நீலப் பொருள் ஒன்றே. இன்று செயற்கை நீலமும் பரவலாகப் புழங்குகிறது. அதனால் துணி போலியாகிவிடாது, கைவேலை கைவேலைதான்.

இதை உடையாக மாற்றிய வரலாறும் நேற்று வந்ததல்ல. 1960களிலேயே லாகோஸில் கடை வைத்திருந்த ஷாடே தாமஸ்-ஃபாம், இடுப்பில் சுற்றிக் கட்டும் ‘இரோ’வை ஜிப் வைத்த பாவாடையாக மாற்றிக் காட்டினார். ஓஷோக்போவில் நீக்கே டேவிஸ்-ஒகுண்டாயே நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, மங்கிக்கொண்டிருந்த தொழிலைத் தூக்கி நிறுத்தினார். அமாக்கா ஒசாக்வேயின் ‘மாக்கி ஓ’ 2010லிருந்து அடிரேயை உலக மேடைக்குக் கொண்டுபோனது. 2013இல் மிஷேல் ஒபாமா தென்னாப்பிரிக்காவில் அணிந்த மேல்சட்டை அந்தப் பெயரில் வந்ததுதான். தங்கள் இணைப்பு மறுபடி இந்தத் துணியைப் பற்றி எழுதும்போது இந்தப் பெயர்களுக்கு இடம் கொடுங்கள்.

வெட்டும் வேலையில்தான் பெரும்பாலான துணி வீணாகிறது. அடிரே தானில் சுற்றி வரும் துணி அல்ல. பழைய வழக்கில் இரண்டரை கெஜம் நீளமுள்ள இரண்டு துண்டுகளைப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்ததுதான் இடுப்பில் சுற்றும் ஒரு முழு ‘இரோ’. இன்றும் 5 கெஜக் கட்டில் அப்படி இரண்டு துண்டுகள் வருவதுண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தொட்டியில் இறங்கியவை. ஒன்று சற்றே கருத்தும் மற்றது வெளுத்தும் இருக்கும், மேசைமேல் தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது, பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரியும். ஆகவே முன்பக்கத்தின் இடப்பாதியை ஒரு துண்டிலும் வலப்பாதியை இன்னொரு துண்டிலும் வெட்டவே கூடாது. முன்பக்கமும் பட்டியும் இரண்டு கைகளும் ஒரு துண்டு, பின்பக்கமும் காலரும் மறு துண்டு என்று பிரியுங்கள். நிற வேறுபாடு பக்கத் தையலிலும் தோளிலும் வந்து நிற்கும், அங்கே யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

நீளக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். இரண்டரை கெஜம் 90 அங்குலம். 4 சதவீதம் சுருங்கினால் 86 அங்குலம் சொச்சம். ஒரே துண்டில் முன்னும் பின்னும் எடுக்க நினைத்தால் ஆளுக்கு 43 அங்குலம் கிடைக்கும். கீழ்மடிப்புக்கு ஒன்றரை, தோள் தையலுக்கு அரை அங்குலம் கழித்தால் முடிந்த உடை 41 அங்குலத்தைத் தாண்டாது. கணுக்கால் வரை வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு துண்டும் தேவை. இங்கே கஃப்தான் என்கிற தளர்ந்த நீள உடை தைப்பவர்கள் துணியைத் தோளில் மடித்துத் தையலில்லாமல் தொங்கவிடுவது வழக்கம். சித்திரம் தீட்டிய எலேக்கோவில் அப்படிச் செய்தால் முன்பக்கம் நிமிர்ந்து நிற்கும் பறவை பின்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கும். தோளில் தையல் போட்டுத்தான் ஆக வேண்டும்.

எலேக்கோ கட்டம் கட்டமாகப் பிரித்து வரையப்படும், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சித்திரம். முதலில் கட்டத்தின் அகலத்தை அளந்து, முன்நடுக் கோட்டைக் கட்ட எல்லையிலோ கட்டத்தின் நட்ட நடுவிலோ வையுங்கள், இடையில் எங்கும் வைக்காதீர்கள். ஷர்ட் டிரஸ்ஸில் பட்டன் பட்டி ஒன்றேகால் அங்குலம் என்றால், பட்டியைச் சேர்த்தே வெட்டி மடிக்கும்போது அவ்வளவு சித்திரம் உள்ளே போய்விடும், பூட்டும்போது இரண்டு பாதியும் ஒட்டாது. பட்டியைத் தனித்துண்டாக வெட்டிச் சேர்ப்பதே சரி. கட்டம் பார்த்துப் பொருத்துவதற்காக, சாதாரணத் துணியில் இரண்டரை மீட்டர் போதும் என்கிற உடைக்கு 3 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழி எந்தக் கட்டத்தை வெட்டினாலும் பரவாயில்லை, மார்பின் உச்சியில் வட்டச் சித்திரம் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒனிக்கோவின் பெரிய வளையங்களில் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. காகித வார்ப்பைத் துணிமேல் வைத்து, தோளும் மார்பும் இடுப்பும் எங்கே விழுகிறது என்று சாக்கால் குறித்து, வார்ப்பை எடுத்துவிட்டு எட்ட நின்று ஒரு தடவை பாருங்கள். அப்புறம் கத்தரியை எடுக்கலாம்.

உடம்பு வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் ‘டார்ட்’ நிறைய வைத்து உடம்போடு ஒட்டிய பாடி தைப்பதை நாங்கள் ஆதரிப்பதில்லை. டார்ட் கட்டத்தைப் பிளந்து கோணலாக்கும். யோருபா பெண்களின் ‘புபா’ மேல்சட்டையே நேர்வெட்டுத் துண்டுகளால் தளர்வாகத் தைக்கப்படுவது, அந்தச் சித்திரங்கள் விரிந்த பரப்புக்கென்று வரையப்பட்டவை. ஏ-லைன் கவுன், கஃப்தான், திறந்த முன்பக்கமுள்ள நீளக் கோட்டு, யோக் (மேற்பகுதிக்கான தனித்துண்டு) வைத்துச் சுருக்கிய பாவாடை எல்லாம் நன்றாக வரும். இடுப்பில் பிடிப்பு வேண்டுமானால் அதே துணியில் கச்சை போதும்.

தைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. சாதாரண பாப்ளின் கனமுள்ள அடிரேக்கு 11ஆம் நம்பர் ஊசி, கனமானதற்கு 14. அலாபெரேயில் ஊசித் துளை வரிசைமேல் தையல் போகக் கூடாது, அங்கே நூல் ஏற்கெனவே நைந்திருக்கும், இறுக்கமான கையிடுக்கில் அந்தக் கோட்டிலேயே கிழியும். காலர் விறைப்பாக நிற்க உள்ளே இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் ஃபியூசிங்கை அலசாத துணியில் ஒட்டினால், கஞ்சிப் பளபளப்பின்மேல் பசை பிடிக்காமல், முதல் துவைப்பில் காலர் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். துணி கஞ்சி போன பிறகே ஒட்ட வேண்டும். லைனிங்கும் பைப்பிங்கும் கருநீலத்தில் இருக்கட்டும், வெள்ளை வைத்தால் கையிடுக்கில் வியர்வையோடு சேர்ந்து நீலம் ஏறும். அலாபெலாவில் மெழுகு மிச்சம் இருந்தால் இஸ்திரிச் சூட்டில் உருகி எண்ணெய்க் கறையாகும். பழுப்புத் தாள் இரண்டுக்கு நடுவே வைத்துத் தேய்த்து எடுத்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள்.

இந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. பாலராமபுரம் கசவுத் துணியோடு அடிரேயைச் சேர்த்து, யோக்கும் கையும் நீலமாக, மீதி சந்தன வெள்ளையாகத் தைக்க முடியுமா? பார்க்க மிக அழகாக இருக்கும், நான்கு துவைப்புக்கு மேல் தாங்காது. ஈரத்தில் நீலத்துகள் தையல் வழியாகக் கசவின்மேல் இறங்கும், கசவுத் துணியில் ஏறிய நீலத்தைக் கழுவ வழியில்லை. கசவுக் கவுனின்மேல் கழற்றிப் போடும் அடிரே கோட்டு என்று தனித்தனி உடையாகத் தையுங்கள், தனித்தனியாகத் துவையுங்கள். ஓணத்துக்கும் பொங்கலுக்கும் அதுவே போதுமான அலங்காரம்.

மரச்சீனி என்கிற மரவள்ளி விளைகிற மண் இது, நாமே மாவுப் பசையில் சித்திரம் போட்டுப் பார்க்கலாமே என்று கேட்கும் இளைஞர்களும் உண்டு. முயலட்டும். மரச்சீனி மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிளறிக் கொதிக்கவைத்துக் கஞ்சிப் பசையாக்க வேண்டும். யோருபாக்கள் இதில் படிகாரமும் துரிசும் (மயில்துத்தம்) சேர்ப்பார்கள். ரப்பருக்கும் கமுகுக்கும் அடிக்கிற போர்டோ கலவையில் போகும் அதே துரிசுதான், விஷம். சமையல் பாத்திரத்தில் காய்ச்சக் கூடாது, குழந்தைகளுக்கு எட்டக் கூடாது. பசை நீர்த்தால் தகர அச்சின் அடியில் ஓடிக் கோடு கலங்கும், கெட்டியானால் காய்ந்து வெடித்து, வெடிப்பு வழியே நீலம் நரம்புபோல் ஓடும். எலும்புபோல் காய வேண்டும். இடவப்பாதியிலும் ஐப்பசி மழையிலும் இங்கே காற்றின் ஈரத்தில் மேலே மட்டும் காய்ந்து அடியில் பச்சையாக நிற்கும், தொட்டியில் இறக்கியதும் பாளம் பாளமாகக் கழன்றுவிடும். மாசி, பங்குனிதான் இதற்குக் காலம். தொட்டியில் நீண்ட நேரம் ஊறவிட்டால் பசை கரையும், குறுகிய முக்குகளே வேண்டும். காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் போட்ட தொட்டித் தண்ணீரை ஓடையில் கவிழ்க்கக் கூடாது. அது தண்ணீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும், குழித்துறை ஆற்று மீனுக்கு எமன். காற்றுப் படக் கலக்கி, காரத்தை முறித்து, உரிய முறையில் சுத்திகரித்த பிறகுதான் வெளியேற்ற வேண்டும். அப்படிச் செய்தெடுத்த துணிக்கு ‘மரச்சீனிப் பசைச் சித்திரம், களியக்காவிளை’ என்று சொந்தப் பெயர் வையுங்கள். ஓலோகுனையும் இபாடாண்டுனையும் நகலெடுத்து அடிரே என்று விற்பது அந்தப் பெண்களின் கைக்கூலியைப் பறிப்பது. அங்கேயே அவர்கள், இயந்திரத்தில் அச்சடித்து வரும் மலிவுப் போலிகளோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

தைத்து முடித்த உடைக்கு: முதல் மூன்று துவைப்பு தனியாக, உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில். சோடா மிகுந்த பார் சோப்பு வேண்டாம், வெண்மையூட்டும் பவுடரும் வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள், உள்பக்கமாகத் தேயுங்கள். கஞ்சி போட்டு அலமாரியில் வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சணமும் கரப்பானும் வரும், கஞ்சி போடுவதானால் உடுத்துகிற அன்று போடுங்கள். மடித்தே மாதக்கணக்கில் வைத்தால் மடிப்புக் கோட்டில் நீலம் தேய்ந்து வெள்ளை வரி விழும், இடைக்கிடை மடிப்பை மாற்றுங்கள்.

தங்களிடம் கேட்பது இரண்டு. உப்பு, வினிகர் குறிப்புக்கு அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே, அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள், மேலே சொன்ன அலசும் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தங்கள் பக்கங்களில் விளம்பரம் செய்யும் துணிக்கடைகளிடம், கையால் சாயமிட்டதைக் ‘கைச்சாய அடிரே, பருத்தி’ என்றும், மற்றதை ‘அடிரே வடிவ அச்சு, ரேயான்’ என்றும் விளம்பரத்திலும் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். அச்சுத் துணி வாங்குவதில் குற்றமில்லை. 3 மீட்டருக்குக் கைச்சாய விலை கொடுத்துவிட்டு அச்சுத் துணியோடு தையல் கடைப் படியேறுகிற பெண்ணிடம் அதை நாங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
கைச்சாயத் துணி தைக்கும் தையலர்கள்,
களியக்காவிளை – பாறசாலை வட்டாரம்